சொல்லிக் கொடுக்காதீங்க!

“சொல்லுங்க டோர்கெல், இது என்ன?”

பதினொரு வயது தூவா கரண்டியை உயர்த்திப் பிடித்தாள். எதிரே நாற்காலியில் இருந்த நரைத்த தாடிக்காரர் விழித்தார். “சூப்பு... அதை... அள்ளி...” என்று காற்றில் மொண்டு காட்டினார்.

வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. கதவோரம் நின்ற குன்வோருக்குத்தான் பொறுக்கவில்லை. லூலியோ நகராட்சியின் கல்வி அதிகாரி அவள். பிள்ளைகளே கேள்வி எழுப்பி, பிள்ளைகளே விடை தேடும் பாடமாம். பார்த்துவிட்டுப் போக வந்திருந்தாள்.

“கரண்டி!” என்றாள்.

“ஐயோ, ஏன் சொன்னீங்க?” தூவா சீறினாள். “அவருக்கு வந்துட்டே இருந்துச்சு! நாம சொல்லிட்டா அவர் தேட மாட்டாரு. தேடி எடுத்தாத்தான் மனசுல நிக்கும்.”

“மறந்துபோன சொல் எங்கே போகுதுன்னு கண்டுபிடிக்கிறோம்,” என்றான் அவள் பக்கத்தில் இருந்த ஹால்வார். “ஒரு சொல் வந்துட்டா விட்டுடுவோம். மறக்கப் போற நேரமாப் பாத்து மறுபடி கேப்போம். முன்னாடி இவருக்கு ‘தண்ணி’கூட வராது. இப்போ என்னையே திட்டுறாரு!”

“கழு... தை,” என்றார் தாடிக்காரர், பெருமையாக.

வகுப்பு கைகொட்டிச் சிரித்தது. குன்வோர் சிரிக்கவில்லை. பக்கவாதம் வந்தபின் அவளுடைய அப்பாவும் இப்படித்தான் திணறினார். அவர் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் ஒவ்வொரு சொல்லையும் அவளே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். கடைசியில் அவர் பேச்சையே விட்டுவிட்டார்.

“போதும், நிறுத்துங்க!” அவள் குரல் உடைந்தது. “உடம்பு முடியாத மனுஷனை எங்கிருந்தோ கூட்டிட்டு வந்து, நடுவுல உக்கார வெச்சு, இது பாடமா? இதுக்கெல்லாம் யார் பொறுப்பு? அவரைக் கூப்பிடுங்க!”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தாடிக்காரர் மேஜையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். நெஞ்சில் கை வைத்தார்.

“நான்... தான். இவங்க...”

அடுத்த சொல் சிக்கிக்கொண்டது. குன்வோருக்கு அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

“...வாத்தியார்,” என்றார் அவர்.