மழையில் பேசிய வசனம்

“நாலு டிக்கெட்டை ஒரே தியேட்டர்ல எடுக்கத் தெரியாதவனெல்லாம் படத்துல நடிக்க வந்துட்டான் லா!”

மீரா சாஹிப்பின் சாப்பாட்டுக் கடைக்குள் உடையப்பன் கால் வைப்பதற்குள் சீனியின் வரவேற்பு வந்துவிட்டது.

குற்றச்சாட்டில் தப்பில்லை. மகளிடம் கேட்பதா என்ற வீறாப்பில், கைப்பேசியில் தானே டிக்கெட் எடுத்தார் உடையப்பன். மூன்று எடுத்து முடித்த பிறகுதான், தானும் ஓர் ஆள் என்பது ஞாபகம் வந்தது. நான்காவதை எடுக்கும்போது விரல் வழுக்கி, ஈப்போவின் இன்னொரு கோடியில் இருக்கிற வேறொரு மாலின் தியேட்டரைத் தொட்டுவிட்டது. விளைவு, நண்பர்கள் மூவரும் ஒரு மாலில் படம் பார்க்க, கதாநாயகனின் அப்பாவாக நடித்தவர் வேறொரு மாலில் ஒரு பொட்டலம் பாப்கார்னோடு தனியாக உட்கார்ந்து பார்த்தார்.

அதுவும் அவர் நடித்த முதல் படம். சுங்கை சிப்புட் பக்கத்து எஸ்டேட்டுக்குப் படம் பிடிக்க வந்தவர்கள், ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநரான அவருடைய மீசையில் மயங்கிக் கூட்டிப் போனார்கள். இப்போது அதே டைரக்டர் அடுத்த படத்துக்கும் கூப்பிடுகிறார். இந்த முறை படம் முழுக்க வருகிற வேஷம். இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். தனக்கு நடிப்பு வருமா, வராதா? வீட்டுக் கண்ணாடியைக் கேட்டால் அது ஒத்து ஊதுகிறது. அதனால்தான் வாடகைக் காரில் அலறியடித்துக்கொண்டு இங்கே வந்திருக்கிறார்.

ஏனென்றால் இங்கே சீனி இருக்கிறார். திரையில் கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை உட்கார்ந்து, அதிலும் எழுத்துப் பிழை கண்டுபிடிக்கிற ஆள்.

“அதை விடுடா. படம் எப்படி?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஏர்கோன்தான் ரொம்ப செஜூக்,” என்றார் மீரா சாஹிப். “குளிரு எலும்புக்குள்ள போயிருச்சு அண்ணே.”

“ஏர்கோன்லயா நான் நடிச்சிருக்கேன், பாய்? படம் எப்படி?”

“திரை நல்லாப் பெருசா இருந்துச்சுண்ணே,” என்றார் கலாதேவி. ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். உடையப்பனைக் கூடப்பிறந்தவரைப் போலப் பாவிக்கிறவர். அவர் கண்கள் சிவந்திருந்ததைப் பார்த்ததும் உடையப்பனுக்கு நம்பிக்கை துளிர்த்தது.

“அழுதியாம்மா?”

“ஏர்கோன் காத்துண்ணே.”

துளிர் அங்கேயே கருகியது. உடையப்பன் நாற்காலியைச் சீனியின் பக்கம் இழுத்துப் போட்டார்.

“நீ சொல்லுடா. பின்பாதியில ஃபிளாஷ்பேக் வருதுல்ல, மழையில நின்னு மகன்கிட்ட பேசுவேனே, அது எப்படி?”

சீனி தே தாரேக் டீயை ஒரு வாய் குடித்தார். “மழை நல்லாப் பெஞ்சுச்சு.”

“மழைக்குத் தண்ணி லோரி கூப்பிட்டாங்கடா! நான் கேக்கிறது வசனம். குளியலறையில கத்திக் கத்தி மனப்பாடம் பண்ணுனேன். நான் பொண்டாட்டியை ஏசுறேன்னு நினைச்சு, பக்கத்து வீட்டுச் சீனத்தி சமாதானம் பண்ண வந்துட்டா. அந்த வசனம் எப்படி?”

“சத்தமா, தெளிவா இருந்துச்சு லா.”

“கடைசியில டைரக்டர் அதைக் கிசுகிசுன்னு பேசச் சொல்லிட்டாருடா!”

சீனி கடைக்கு வெளியே போகிற மோட்டார் சைக்கிளைக் கவனிக்க ஆரம்பித்தார். “அண்ணனுக்கு ஒரு ரொட்டி போடு, முட்டை சேர்த்து!” என்று மீரா சாஹிப் அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார். கலாதேவி தன் தட்டையே அவர் பக்கம் நகர்த்தினார்.

“அது வர்ற வரைக்கும் இதைச் சாப்பிடுங்கண்ணே. ரொம்ப மெலிஞ்சுட்டீங்க.”

“நேத்து சாயங்காலம் பசார்ல என்னைப் பார்த்துட்டு, தொப்பை வச்சிருச்சுன்னு நீதானே சொன்னே?”

கலாதேவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

உடையப்பனுக்குப் புரிந்துவிட்டது. மரக்கட்டையைப் பார்த்து மரக்கட்டை என்று சொல்ல நட்பு தடுக்கிறது. ஊரில் எந்த நடிகனையும் விட்டு வைக்காத சீனியே வாயை மூடிக்கொண்டான் என்றால், நடிப்பு அந்த லட்சணத்தில் இருந்திருக்கிறது.

“அலாமாக்! இதுக்கு நீங்க திட்டியே இருக்கலாம்,” என்று மேசையில் ஓங்கித் தட்டினார். தண்ணீர்க் குவளை சாய்ந்து மீரா சாஹிப் கட்டியிருந்த சாரத்தை நனைத்தது. அவர் அசையக்கூட இல்லை. “எனக்கு நடிப்பு வரலன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு ஏன்யா மூணு பேரும் இந்தப் பாடு படுறீங்க? டைரக்டருக்கு இப்பவே போன் போட்டு, முடியாதுன்னு சொல்லிடுறேன்.”

அவர் கைப்பேசியை எடுத்தார். சீனி அந்தக் கையைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை.

“படம் எப்படின்னு எங்களுக்குத் தெரியாதுடா.”

“தெரியாதுன்னா?”

“ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரத்துல உன் வாயைக் கட்டி, நெத்தியில காசு வச்சு, உறுமி அடிச்சுத் தூக்கிட்டுப் போறாங்க. பாய் அங்கேயே ஓத ஆரம்பிச்சிட்டாரு. இவ ‘என்னைப் பெத்த அண்ணே’ன்னு வச்ச ஒப்பாரியில, டார்ச் அடிச்சுக்கிட்டு ஆள் வந்துட்டான். எனக்கும் அதுக்கு மேல உட்கார முடியல. மூணு பேரும் எந்திரிச்சு இங்க வந்துட்டோம்.” சீனி தொண்டையைச் செருமினார். “நீ நடி லா. ஆனா சாகிற படமா இருந்தா முன்னாடியே சொல்லிடு, நாங்க வரமாட்டோம்.”