தச்சர் வீட்டு ஆட்கள்

"இப்பல்லாம் ஒருத்தன் செத்தாத்தான் அவன் நல்லவன்னே தெரியுது. உசுரோட இருந்தப்ப ஒரு பய 'சாப்பிட்டியா'ன்னு கேட்டிருக்க மாட்டான்."

பக்கத்து நாற்காலிக்காரரின் காதில்தான் சொன்னார் பெரியவர். ஆனால் அவர் குரலுக்கு ரகசியம் பேசத் தெரியாது. ஹாலில் இருந்த இருபது பேரும் திரும்பிப் பார்த்து முறைத்தார்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தள ஹால் அது. மேசைமேல் தச்சரின் படம். பக்கத்தில் அவருடைய சாமான் பெட்டி. பதினைந்து வருடமாக அந்தக் கட்டடத்தில் அவர் கை படாத கதவு கிடையாது. போன வாரம் வேலைக்கு நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அடக்கத்துக்கு யாராலும் போக முடியவில்லை, வேலை நாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை பார்த்து இரங்கல் கூட்டம்.

பெரியவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. கூட்டம் தொடங்குமுன்பே கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தவர், நேரே போய்ப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தார். சங்கச் செயலாளர் ஓடிவந்து தடுத்தார்.

"நீங்க அவருக்கு என்ன உறவு?"

"உறவெல்லாம் இல்ல. தெரிஞ்சவன்."

"தெரிஞ்சவங்க கையில கொடுக்க முடியாதுங்க. அவர் குடும்பத்து ஆளுங்க கையிலதான் கொடுப்போம்."

"பெட்டி இல்லாம நான் போறதா இல்ல" என்று உட்கார்ந்துவிட்டார். கொடுத்த டீயை மோந்து பார்த்து, நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

டீச்சரம்மா மைக்கைப் பிடித்தார். "குடும்பத்து மேல இவ்வளவு பாசம் வச்ச மனுஷனை நான் பார்த்ததே இல்ல. போன மழைக்காலத்துல எங்க சமையலறை அலமாரிக்குக் கதவு போடாம மூணு வாரம் வேலைக்கே வரல. எலி புகுந்து வீட்டையே ரெண்டாக்கிடுச்சு. கேட்டா, பொண்ணுக்குப் பிரசவமாம். 'தூக்கி உட்கார வைக்கக்கூட வேற ஆள் இல்லம்மா'ன்னார். எந்த அப்பன் செய்வான்?"

நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

செயலாளர் எழுந்தார். "எங்க வீட்டுக் கட்டில் ஒரு மாசம் மூணு காலோட நின்னுச்சு. கோபப்பட முடியுமா? அவர் சம்சாரத்துக்குக் கண் ஆபரேஷன். ரெண்டு மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விடணும். புருஷன்னா அவர் புருஷன்!"

"அந்தக் கடைக்குட்டிப் பையனை விட்டுட்டீங்களே" என்றார் மருந்துக்கடைக்காரர். "சரியான அழுத்தக்காரனாம். எதைக் கொடுத்தாலும் சந்தேகமாம். 'நான் ஒரு வாய் குடிச்சுக் காட்டினாத்தான் சார் குடிக்கிறான்'னு சொல்லி, ஒரு பாட்டில் போதும்ங்கற இடத்துல ரெண்டு வாங்கிட்டுப் போவார். என் கடை மேசைக்கு டிராயர் வராமலே போச்சு. போகட்டும், புள்ள பெரிசா, டிராயர் பெரிசா?"

பெரியவர் தடியைத் தரையில் தட்டினார். "எந்தப் புள்ள? எந்தப் பொண்டாட்டி? அவனுக்குக் கல்யாணமே ஆகல."

செயலாளர் பெரியவர் பக்கம் திரும்பினார்.

"என்னங்க சொல்றீங்க?"

"பொண்டாட்டி இல்ல, பொண்ணு இல்ல, கடைக்குட்டியும் இல்ல. ஒண்டிக்கட்டை. உங்ககிட்ட நல்லாப் புளுகியிருக்கான்."

அவ்வளவுதான். ரெண்டே நிமிஷத்தில் தச்சர் தரைக்கு வந்துவிட்டார்.

"அதான் அந்தக் கட்டில் இன்னைக்கும் ஆடுது" என்றார் செயலாளர். யாரோ ஒருவர் படத்தைத் திருப்பியே வைத்துவிட்டார்.

டீச்சரம்மாவுக்குத்தான் ஆறவே இல்லை. "புள்ளை பெத்தவளுக்குத் தெம்பு வேணுமேன்னு மூணு வாரமும் தினம் வாசலுக்கு வரச் சொல்லிச் சூப்பு வச்சுக் கொடுத்தேனே! அதை எந்த மகராசி குடிச்சாளோ!"

பெரியவர் நிமிர்ந்தார். "சூப்பா? மிளகு தூக்கலா இருக்குமே, அதுவா?"

"ஆமா… உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பெரியவரின் கை தானாக இடுப்புக்குப் போனது. "ஓட்டல்ல வாங்கினேன்னானே…" என்று ஆரம்பித்தவருக்கு இருமல் வந்துவிட்டது.

டீச்சரம்மா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். பெரியவர் தம்ளரை ஒருமுறை பார்த்தார், டீச்சரம்மா முகத்தை ஒருமுறை பார்த்தார்.

"நீ முதல்ல ஒரு வாய் குடிச்சுக் காட்டும்மா."

மருந்துக்கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். செயலாளர் மேசைக்குப் போய், படத்தை நேராகத் திருப்பி வைத்தார். பிறகு பெட்டியை எடுத்துவந்து பெரியவரின் மடியில் வைத்தார்.

பெரியவர் பெட்டியைத் திறந்து, உளிகளை ஒன்று, இரண்டு என்று சரிபார்த்தார். எல்லாம் இருந்தது. அப்படியும் எல்லோரையும் ஒரு முறை முறைத்துவிட்டு, பெட்டியோடு நொண்டி நொண்டி வாசலுக்கு நடந்தார்.

"ஒரே ரூம்ல இருபது வருஷம் கூட இருந்தவன்கிட்டயே புளுகியிருக்கான் பாருங்க! இடுப்பு ஒடிஞ்சு மூணு வாரம் நான் படுத்த படுக்கையாக் கிடந்தப்ப, 'வேலையே கிடைக்கலண்ணே, சும்மாத்தான இருக்கேன்'னு தினம் சொன்னான். அவன் பேச்சை இனிமே எவன் நம்புவான்?"