மேல் வீட்டுக்குப் போன சோபா

“மெதுவா அண்ணை, மெதுவா! சுவரிலை உரஞ்சுது!”

சோபாவின் ஒரு பக்கத்தைத் தேவராசா பிடித்திருந்தான், மறு பக்கத்தை மேல் வீட்டுச் செல்வரட்ணம். இரண்டாம் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்கு ஏற்றுவதற்குள் இருவருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. வெளியே டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரம் பனியில் விறைத்துக் கிடந்தது. இவர்களுக்கோ வேர்த்து ஊற்றியது.

டி.வி. ஏற்கெனவே மேலே போய்விட்டது. தேவராசாவின் மனைவி ஞானேஸ்வரியின் சீலைப் பெட்டியும் குழந்தையின் கட்டிலும் போய்விட்டன. புதுத் தள்ளுவண்டிகூட மிச்சமில்லை.

கோழி பக்டரியில் தேவராசாவுக்கு வேலை போனது ஐப்பசியில். வாடகைக்கு உதவி கேட்டுக் கொம்மூனில், அதாவது நகரசபையில், எழுதிக் கொடுத்திருந்தான். இன்று வீட்டைப் பார்க்க ஆள் வருகிறது. உதவி கிடைக்காவிட்டால் தை மாதம் வீட்டை விட்டு இறங்க வேண்டியதுதான். அந்தக் குளிரில் கைக்குழந்தையோடு எங்கே போவது?

“வீடு பாக்க ஏன் வருகினம்? நாங்கள் வசதியா இருக்கிறமோ எண்டு பாக்கத்தான்!” இது தேவராசாவின் கணக்கு. ஊரில் ஏழைகளுக்குக் கொடுக்கும் உணவு முத்திரைக்காகக் கிராம அதிகாரி விதானையார் விசாரிக்க வருகிறார் என்றால், ரேடியோவைப் பக்கத்து வீட்டில் ஒளித்து வைக்காத வீடு எது? டென்மார்க் என்றால் மட்டும் வேறா?

“நாளைக்கு விடியமுதல் எல்லாத்தையும் எடுத்துப்போடுவாய்தானே, தம்பி?” செல்வரட்ணம் மூச்சு வாங்கக் கேட்டார். இதையே அவர் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

“என்னண்ணை நீங்கள்! தனிக்கட்டை வீட்டிலை ஒரு நாளைக்கு ஒரு சோபா கிடந்தா குறைஞ்சு போவியளே? இரவைக்கே எடுக்கிறன்.”

“இல்லை... சும்மா கேட்டனான். வாறது மாக்கிரட் எண்ட பொம்பிளையா இருக்கும். கறார்தான், ஆனா நல்ல மனுசி. பயப்பிடாதை.”

“உங்களுக்கெப்பிடித் தெரியும்?”

“ஆரோ கதைச்சவை. சரி, எனக்கு இரவு வேலை செய்த களை. நான் போய்ப் படுக்கப்போறன்.”

தேவராசா பெருமூச்சு விட்டான். மனுசனுக்கென்ன, மீன் பக்டரியில் இரவு வேலை, போதாக்குறைக்கு ஓவர்டைம். கொடுத்து வைத்தவர்!

வந்தது மாக்கிரட்தான். உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வெறும் சுவர், வெறும் நிலம். மூலையில் மடித்துப் போட்ட போர்வையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“பிள்ளைக்குக் கட்டில் இல்லையா?” என்று டேனிஷ் மொழியில் கேட்டாள்.

தேவராசா பரிதாபமாகத் தலையாட்டினான். ஞானேஸ்வரி நிலத்தைப் பார்த்தாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

“ஒரு நாற்காலிகூட இல்லாமலா இருக்கிறீர்கள்?” மாக்கிரட்டின் கண் கலங்கிவிட்டது. கோட்டைக்கூடக் கழற்றாமல் நிலத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஞானேஸ்வரி ஓடிப்போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

“நான் இதையெல்லாம் பார்க்க வரவில்லை. உங்களிடம் இரண்டு டி.வி. இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. வீட்டில் எத்தனை பேர் என்று பார்ப்பதுதான் என் வேலை. தனியாள் என்று சொல்லி உதவி வாங்குவார்கள், போய்ப் பார்த்தால் உள்ளே ஒரு குடும்பமே இருக்கும். நீங்கள் மூன்று பேர் என்றீர்கள், மூன்று பேர்தான் இருக்கிறீர்கள். அவ்வளவுதான். உங்களுக்கு உதவி கிடைக்கும்.”

தேவராசாவுக்கு உச்சி குளிர்ந்தது. வீடு போகாது! குழந்தை தெருவுக்கு வராது!

“அப்ப ஏன் நாரி முறிய எல்லாத்தையும் மேலை ஏத்தினனீங்கள்?” என்று ஞானேஸ்வரி தமிழில் பல்லைக் கடித்தாள்.

“சும்மா இரும், ஞானம். பிறகு கதைப்பம்.”

மாக்கிரட் எழுந்து வாசலுக்கு வந்தாள். கீழே இறங்காமல் மேல் மாடியை அண்ணாந்து பார்த்தாள்.

“செல்வரட்ணம் வீடு மேலேதானே? இப்போது இருப்பாரா?”

“ஓம், இருப்பார், இருப்பார்!” சந்தோஷத்தில் தேவராசாவுக்கு டேனிஷ் தடதடவென்று வந்தது. “நல்ல மனிதர். நல்ல உழைப்பாளி. இரவு முழுக்க வேலை செய்துவிட்டு இப்போது தூங்குகிறார்.”

மாக்கிரட்டின் முகம் மாறியது.

“இரவு வேலையா? மீன் பக்டரியில் வேலை போய்விட்டது, தனியாள், வாடகைக்கு உதவி வேண்டும் என்றல்லவா எழுதிக் கொடுத்திருக்கிறார்! நாளைக் காலையில் வருவதாகச் சொல்லியிருந்தேன். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இப்போதே பார்த்துவிடுகிறேன்.”

தேவராசா அவள் பின்னாலேயே ஓரடி வைத்தான். கடவுளே! மானத்துக்குப் பயந்து எங்களிடமே மறைத்தாரா இந்த மனுசன்? தடுக்க வேண்டும், ஏதாவது சொல்ல வேண்டும். சற்றுமுன் தடதடத்த டேனிஷில் இப்போது ஒரு சொல்கூட வரவில்லை. மாக்கிரட்டின் சப்பாத்துச் சத்தம் படியேறியது.

“ஐயோ... என்ரை சீலையள்! பிள்ளையின்ரை கட்டில்!” ஞானேஸ்வரி வாயைப் பொத்தினாள்.

மேலே மணி அடித்தது.

“வாறன், தம்பி, வாறன்!” என்றது செல்வரட்ணத்தின் குரல். “உன்ரை பிள்ளையின்ரை தள்ளுவண்டி கதவடியிலை மறிச்சுக்கொண்டு நிக்குது... பொறு, திறக்கிறன்!”