உள்பக்கத் தாழ்ப்பாள்

ருமேனியாவின் கலாட்ஸ் நகரத்துப் பழைய அடுக்குமாடி ஒன்றில், மதிய வெயில் சுவரில் தொங்கும் கம்பளத்தில் நெய்த மான்களின் மேல் படுத்துக் கிடக்கிறது. குரல் எதிரொலிக்காமல் இருக்கட்டும் என்று அந்தக் கம்பளத்தைக் கழற்றாமல் விட்டிருக்கிறாள் லொரேதானா. கட்டிலைப் பார்த்தபடி முக்காலியில் கேமரா நிற்கிறது. வட்ட விளக்கின் ஒளி அவள் மூக்குக்கண்ணாடியில் இரண்டு வெள்ளை வளையங்களாக மிதக்கிறது. இணையத்தில் காசு கட்டும் ஆண்களுக்காகக் கேமரா முன்னால் பெண்களை உட்கார வைக்கும் வெப்கேம் ஸ்டுடியோ ஒன்றில் அவள் வேலை பார்த்தாள்; அங்கே கண்ணாடி போடக் கூடாது. பெயரும் பொய்முடியும் அவர்கள் கொடுத்தவை. முப்பது வயதில், நாளை முதல் இந்த அறையில் அவளே முதலாளி. இப்போது கதவில் துளை போடுகிறாள். சத்தம் பொறுக்காத கீழ்வீட்டுக்காரர், வீடுகளைச் சூடாக்கும் கணப்புக் குழாயைக் கரண்டியால் தட்டுகிறார். இது ஊர் மதியத் தூக்கம் போடும் நேரம். கட்டிலில் கிடக்கும் ஃபோனில் ஸ்டுடியோக்காரர் விர்ஜிலின் சிரிப்பு கேட்கிறது.

"என்னம்மா சத்தம்? லைட்டை எங்க வைக்கணும்னுகூடத் தெரியாது உனக்கு. தனியாக் கடை போடுறாளாம்."

"லைட்டு கேமராவுக்குப் பின்னாடி இருக்கு முதலாளி. மைக்கும் மாட்டியாச்சு."

"அப்புறம் என்னத்தக் குடையுற?"

"தாழ்ப்பாள். உங்க ரூம் எதுலயும் இல்லாத சாமான். நெனச்ச நேரம் கதவத் தள்ளிட்டு வந்து நிப்பீங்களே, அதுக்கு."

"திரும்பி இங்கதான் வருவ."

குழாய் மறுபடி அதிர்கிறது. அவள் திருப்புளியால் பதிலுக்கு இரண்டு தட்டு தட்டிவிட்டுக் கடைசித் திருகை இறுக்குகிறாள். தாழ்ப்பாள் போய்ப் பொருந்துகிறது. விர்ஜில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். அவள் தாழ்ப்பாளைத் திறந்து, அவருக்கும் கேட்கட்டும் என்று, இன்னும் பலமாகப் போடுகிறாள்.