எதிர்த்துப் பேச ஒரு டீச்சர்

"பரீட்சை எந்த மாசம்மா?" என்று டீச்சர் மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி மூன்றாவது தடவையாக மழுப்பினாள். "வரும் டீச்சர். முதல்ல பாடத்தை ஆரம்பிச்சுடலாம்."

டீச்சருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வெளியூரில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுப் போன மாதம்தான் திரும்பியிருந்தாள். வீட்டு முன்னறையில் ஒரு மேசையும் வெள்ளைப் பலகையும் போட்டுப் பிரெஞ்சு வகுப்பு தொடங்கியிருந்தாள். இந்த டீச்சரும் கைவிட்டால் இந்த ஊரில் கேட்க வேறு ஆள் கிடையாது.

வீடியோ காலில் ஏற்கெனவே மூன்று வாத்தியார்களைப் பார்த்தாயிற்று. தனக்கு ஐம்பத்துநாலு வயது என்றதும் ஒருவர் சிரித்தேவிட்டார். இன்னொருவர் காலேஜ் பிள்ளைகளுக்கு மட்டும்தான் எடுப்பாராம். மூன்றாமவர், "சுத்திப்பாக்கப் போறதுக்கு எதுக்கும்மா இவ்வளவு பெரிய பரீட்சை? நாலு வார்த்தை போதுமே" என்று புத்தி சொல்லி அனுப்பினார். இவள் எங்கேயோ ஊர் சுற்றப் போகிறாள் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார், நல்ல மனுஷர்.

அந்த நாலு வார்த்தை இவளுக்கே தெரியும். ஒன்றரை வருஷமாகக் கடையில் லென்ஸ் துடைத்துக்கொண்டே போனில் பாடம் கேட்டு, இரண்டு சின்னப் பரீட்சைகளைத் தாண்டிவிட்டாள். தண்ணீர், ஜன்னல், மாத்திரை, வலி எல்லாம் அத்துப்படி. அதற்கு மேல்தான் வண்டி நகர மாட்டேன் என்கிறது.

"சரி, நீங்க பேசுறதைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று டீச்சர் ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள்.

பெரிய பரீட்சையில் அதுதான் முறை. ஒரு தலைப்பு கொடுப்பார்கள். நம் கட்சியை நாம் சொல்ல வேண்டும். எதிரே இருப்பவர் வேண்டுமென்றே மறுத்துப் பேசுவார். விட்டுக்கொடுக்காமல் மல்லுக்கட்டினால்தான் மார்க்.

சாப்பாட்டு மேசையில் செல்போன் கூடாது என்பது தலைப்பு.

மல்லுக்கட்டுவது இவளுக்குப் புதிதா என்ன? கடையில் இவளிடம் வாயைக் கொடுத்து ஜெயித்தவர் இல்லை. இந்த ஃப்ரேம் எனக்கு எடுப்பாக இருக்கிறது என்று கண்ணாடி பார்த்துப் பூரிக்கும் ஆளிடம், உங்கள் மூக்குக்கு இது ஆகாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறவள்.

கூடாதுதான் என்று ஆரம்பித்தாள். தட்டுத்தடுமாறி நாலு வாக்கியம் சொல்லி முடித்தாள்.

தனியாகச் சாப்பிடுகிறவருக்கு போன்தானே துணை என்று மறுத்தாள் டீச்சர்.

"ஆமாம்" என்றாள் இவள், பிரெஞ்சில். தலை தானாக ஆடியது.

அவசரமாக யாராவது கூப்பிட்டால்?

"ஆமாம். நீங்கள் சொல்வது சரி."

டீச்சர் வேண்டுமென்றே அபத்தமாக ஒன்றை எடுத்துவிட்டாள். அப்படியானால் மேசையில் போன் மட்டும் இருக்கட்டும், சாப்பாடே வேண்டாம்.

அடக் கடவுளே, அதற்கும் ஆமாம்!

டீச்சர் பேனாவை மூடிவைத்தாள். கோபப்படவில்லை. குரலை இறக்கித்தான் பேசினாள்.

"எல்லாத்துக்கும் தலையாட்டினா இதுல தேறவே முடியாதும்மா. உங்களுக்கு நான் சரிப்பட மாட்டேன். எனக்குச் சொல்லிக்கொடுத்த சார் இங்கதான் இருக்கார். வாயே திறக்காத பிள்ளையைக்கூட வம்புக்கு இழுத்துப் பேச வெச்சுடுவார். நான் சொன்னா சேத்துக்குவார், இருங்க."

ஐயோ வேண்டாம் என்று இவள் வாயெடுப்பதற்குள் டீச்சர் போனை எடுத்து எண்ணை அழுத்திவிட்டாள்.

கண்ணாடிக் கடைக்காரியின் கைப்பைக்குள் மணி அடித்தது.

"எடுங்கம்மா, பரவாயில்ல" என்றாள் டீச்சர்.

இவள் எடுக்கவில்லை. கைப்பையை மடியோடு சேர்த்து அமுக்கிக்கொண்டாள்.

டீச்சர் காதிலிருந்து போனை இறக்கி, பையைப் பார்த்தாள். அழைப்பைத் துண்டித்தாள். பையும் அடங்கிவிட்டது.

இனி எதை மழுப்புவது?

"என் வீட்டுக்காரர்தான் டீச்சர் உங்க சார். அவர் போன் இப்ப என்கிட்டதான் இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி மூளையில ரத்தம் கட்டி, பேச்சே போயிடுச்சு. ஆறு மாசம் கழிச்சு பேச்சு திரும்பி வந்தப்ப பிரெஞ்சு மட்டும்தான் வந்தது. தமிழ்ல ஒரு வார்த்தை வரல. நான் தமிழ்ல சொல்றதும் அவருக்குப் பாதிதான் ஏறுது."

விஷயம் தெரிந்தால் அவரிடம் படித்தவர்கள் எல்லாரும் பார்க்க வந்துவிடுவார்கள். கோணிப்போன வாயைக் காட்ட அவருக்குக் கூச்சம். யார் வந்தாலும் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார். அதனால்தான் பரீட்சை என்று ஒரு பொய்.

பேச்செல்லாம் இவளிடம் மட்டும்தான். புரியவில்லை என்று காட்டிக்கொண்டால் அதையும் நிறுத்திவிடுவாரோ என்ற பயத்தில், அவர் என்ன சொன்னாலும் இவள் தலையாட்டுவாள். பாதிகூடப் புரியாத மனைவியிடம்தான் மனுஷர் தன் மனசைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. மேசையைச் சுற்றி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நாளைக் காலையிலிருந்தே வந்துவிடுங்கள், பரீட்சையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றாள்.

கண்ணாடிக் கடைக்காரி எழுந்திருக்கவில்லை.

"நேத்து அரைமணி நேரம் பேசினார் டீச்சர். அழுதுக்கிட்டே பேசினார். கடைசில என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஏதோ கேட்டார். நான் எப்பவும்போல ஆமாம்னேன்."

கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"கையை விட்டுட்டு சுவர்ப் பக்கமா திரும்பிப் படுத்துக்கிட்டார். அப்புறம் வாயே திறக்கல."

"என்ன கேட்டார்?"

"அது தெரியாமத்தானே டீச்சர் ஆமாம்னு சொல்லிட்டேன்."