கெட்டி ஸ்பிரிங்

முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு, பட்டறையின் பின்வாசல் வழியாக உள்ளே வந்தாள் செண்பகவல்லி. இந்த வாரத்தில் இப்படிப் பதுங்கிப் பதுங்கி வந்த ஆறாவது பொம்பளை அவள்.

"எங்க வீட்ல அவியளுக்குத் தெரிஞ்சா என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாவ, அண்ணாச்சி."

மெக்கானிக் இஸ்ரவேல் தெருவை ஒரு தரம் எட்டிப் பார்த்தான். "நான் மூச்சு விட மாட்டேன். சொல்லும்மா."

"ஞாயித்துக்கிழமை ரேஸ்ல எங்க வண்டி அம்பதுக்கு மேல போகக் கூடாது. வால்வுக்குப் பழைய ஸ்பிரிங்கப் போட்டுருங்க. மனுசன் முழுசா வீடு வந்து சேந்தாப் போதும்."

முன்னால் வந்த ஐந்து பேரும் அட்சரம் பிசகாமல் இதையேதான் ஒப்பித்துவிட்டுப் போனார்கள். ஐந்து பேருக்கும் சரி என்று தலையாட்டியவன், இவளுக்கும் ஆட்டினான். அவள் போன பிறகுதான் வாய்விட்டுச் சிரித்தான்.

எட்டயபுரம் பக்கம் காய்ந்து கிடக்கிற கண்மாயில் வருஷா வருஷம் பைக் ரேஸ். கோவில்பட்டி வட்டாரத்தில் ரேஸுக்கு எஞ்சின் தயார் பண்ண இஸ்ரவேலை விட்டால் ஆளில்லை. சூட்சுமமெல்லாம் வால்வு ஸ்பிரிங்கில்தான். எஞ்சின் வெறி பிடித்துச் சுற்றும்போதும் வால்வு தடுமாறாமல் டக்கு டக்கென்று மூடணும். அதற்கு ஸ்பிரிங் கெட்டியாக இருக்கணும். தொய்ந்துபோன பழசைப் போட்டால், வேகம் ஏறினதும் வால்வு மூட மாட்டாமல் அந்தரத்தில் ஆடும், வண்டி இருமும்.

அடுத்தவன் எஞ்சினுக்கு உசிர் கொடுக்கிற மகராசனுக்கு ஓட்ட மட்டும் வராது. ஐந்து வருஷமாகக் கடைசி. போன வருஷம் விழுந்து வலது கையை ஒடித்துக்கொண்டு, ரெண்டு மாசம் பெண்டாட்டி ஸ்டெல்லாமேரி ஊட்டித்தான் சோறு இறங்கியது. அப்படியும் வீம்பு போச்சா? இந்தத் தடவையும் தோற்றால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று டீக்கடையில் வைத்துச் சபதம் போட்டிருந்தான். வளர்க்க ஏழு வருஷம் பிடித்த மீசை அது.

இப்போது ஆறு வண்டியும் இருமப் போகிறது. பாக்கி அவன் வண்டி ஒன்றுதான். கர்த்தரே கண்ணைத் திறந்துட்டாரு!

"என்ன, தனியாச் சிரிக்கிய?" என்றாள் ஸ்டெல்லாமேரி. அவள்தான் அவன் வண்டி எஞ்சினைப் பூட்டிக்கொண்டிருந்தாள். கெட்டி ஸ்பிரிங்கை அமுக்கிப் பூட்டுகிற பக்குவம் அந்தப் பட்டறையில் அவள் கைக்குத்தான் உண்டு.

"ஒண்ணுமில்லட்டி. ஸ்பிரிங்கப் பாத்துப் பூட்டு. என் மீசையே அதுலதான் இருக்கு."

"மீசை மட்டுமா? ஒங்க கையி காலும் அதுலதான் இருக்கு. பாத்துத்தான் பூட்டுதேன். அப்படியே என் மொபெட்டையும் ஒரு பார்வை பாருங்களேன்."

"ஏட்டி, அது டூ-ஸ்ட்ரோக்கு. வால்வும் கிடையாது, ஸ்பிரிங்கும் கிடையாது. அதெல்லாம் ஒரு எஞ்சினா?"

ஞாயிற்றுக்கிழமை. கரிசல் வெடிப்பையெல்லாம் டிராக்டர் விட்டு அமுக்கி வைத்திருந்தார்கள். மேடைப் பக்கத்தில் பரிசுக் கிடா மாலையோடு நின்றது. எட்டுப் பேர் பேர் கொடுத்திருந்தார்கள். எட்டாம் நம்பரை மட்டும் காணோம். வரும்போது வரட்டும் என்று கொடியை அசைத்துவிட்டார்கள்.

நாற்பது. நாற்பத்தைந்து. ஐம்பது. மூன்று வருஷமாகக் கிடாவைத் தூக்கிக்கொண்டு போன யோகராஜ், செண்பகவல்லி வீட்டுக்காரன், அவன் வண்டி முதலில் இருமியது. அடுத்து இன்னொன்று. இஸ்ரவேல் ஒரு கையால் மீசையை நீவிவிட்டு, மறு கையால் ஆக்ஸிலேட்டரை முறுக்கினான்.

ஐம்பத்தொன்றில் அவன் வண்டியும் இருமியது.

முறுக்க முறுக்க இன்னும் மோசம். கக்குவான் வந்த பிள்ளைகள் மாதிரி ஏழு வண்டியும் லொக்கு லொக்கு என்று குதித்துக்கொண்டு போயின. அந்த நேரம் பார்த்து, பின்னாலிருந்து ஒரே சீராக டர்ர்ர் என்று ஒரு சத்தம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மொபெட்டில் சோற்றுத் தூக்குச்சட்டி ஆட, ஸ்டெல்லாமேரி அவனைத் தாண்டிப் போனாள். முதுகில் எட்டாம் நம்பர்! கரையில் நின்ற ஆறு பொம்பளைகளும் குலவை போட்டார்கள்.

"முதல் பரிசு எட்டாம் நம்பர்! இஸ்ரவேல் அண்ணாச்சி மீசையோட மேடைக்கு வரவும்!" என்றது மைக்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவன், கிடாவின் கயிற்றைப் பிடித்து நின்றவளிடம் ரகசியமாகச் சீறினான். "ஏட்டி, அந்த ஆறு வண்டியிலயும் பழசப் போட்டது நான். பொண்டாட்டிமாரு வந்து கேட்டாவ, போட்டேன். என் வண்டியில எவன்ட்டி போட்டான்?"

ஸ்டெல்லாமேரி சேலை நுனி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே பளபளவென்று இரண்டு கெட்டி ஸ்பிரிங்.

"ஏன், ஒங்களுக்கும் ஒரு பொண்டாட்டி இருக்கால்லா?"