சோப்புப் புட்டியில் ஒரு கோடு

மனிதகுலத்தைக் கிருமிகளிடமிருந்து காக்கும் மாபெரும் சட்டம் ஒரு திங்கட்கிழமை காலை குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டது: ‘சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எவரும் குழந்தையைத் தூக்கக் கூடாது.’

குழந்தை பிறந்து இருபது நாள். சட்டத்தை எழுதி ஒட்டியவர் தகப்பன். கைகழுவும் தொட்டியருகே இருந்த சோப்புப் புட்டியில் தினமும் பேனாவால் கோடு போட்டுக் கண்காணித்தார். சோப்பு மளமளவென்று இறங்கியது. வாரக் கடைசியில் புட்டியின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடும்போது மனைவியையும் மைத்துனனையும் மனதாரப் பாராட்டினார். வீட்டில் இருந்த பெரியவர்கள் அந்த மூன்று பேர்தான்.

மைத்துனன் நெளிந்தான். “திட்டாதீங்க மாமா. நான் குழாயைத் திறந்து சத்தம் மட்டும்தான் காட்டுவேன். சோப்பைத் தொட்டதே இல்ல.”

“அடப்பாவி! அப்போ இவ்வளவும் நீதானா?” என்று மனைவி பக்கம் திரும்பினார்.

“என்னை ஏன் பார்க்கிறீங்க, சுகாதார மந்திரி? அது பட்டாலே எனக்குக் கை வெடிக்குது. வெறும் தண்ணியோட சரி. நீங்கதான் கரைக்கிறீங்கன்னு நினைச்சேன்.”

சட்டம் போட்டவர் என்ற முறையில் அவரும் ஒருநாள்கூட அந்தப் புட்டியை அழுத்தியதில்லை. வாயருகே போன கை அப்படியே நின்றது.

மூவரும் உள்ளறைக்கு ஓடினார்கள். தொட்டிலில் குழந்தை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. அதன் சட்டையின் இரு விலாப்பக்கமும் ஈரக் கைகளின் தடம். பத்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. ஓரத்தில் நுரை இன்னும் அடங்கவில்லை.

அந்த வீட்டில் சட்டத்தை மதித்தது, கண்ணில் படாத அந்த நாலாவது ஆள் ஒருவர்தான்.